கிராஸ் என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் போடுவது?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் கம்பெனியில் கொஞ்சம் பேரை வேலையிலிருந்து எடுத்த வாரம், டீம் குரூப்பில் நீங்கள் ஒரு ஜோக் போட்டீர்கள்: "பரவாயில்லை, இனிமேல் பார்க்கிங்கில் இடம் கிடைக்கும்." லண்டனில் இருக்கும் மேனேஜர் உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பினார்: "தட் வாஸ் எ பிட் கிராஸ்." அகராதியைத் திறந்தால் முரட்டுத்தனமான, மடத்தனமான, நாகரிகமற்ற என்று மூன்று பொருள். யாரையும் திட்டவில்லையே, கெட்ட வார்த்தை எதுவும் இல்லையே, இதில் முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். இந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படித்தான் போடுவது என்பது அடுத்த கேள்வி.

அகராதி போட்ட மூன்றும் தப்பில்லை. ஆனால் மூன்றையும் கூட்டிப் பார்த்தாலும் சொல் கையில் பிடிபடாது. இருபது வருஷத்துக்கு மேல் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துத்தான் சாப்பிடுகிறேன். நானே பல தடவை இந்தச் சொல்லிடம் உதை வாங்கியிருக்கிறேன்.

முதலில், எந்தக் கிராஸ்? தமிழில் எழுதினால் ரோட்டைக் கிராஸ் பண்ணுகிற கிராஸும் இதுவும் ஒன்றாகிவிடும். புல்லும் அதில் சேர்ந்துகொள்ளும். நம் சொல்லின் எழுத்துகள் சி, ஆர், ஏ, எஸ், எஸ். சமையல் கேஸ் என்று சொல்லும்போது வாயை அகட்டுகிறோமே, அந்த ஒலி. அப்படியானால் க்ரேஸ் என்று எழுதலாமே என்றால், அது பரீட்சையில் போடுகிற கிரேஸ் மார்க்காகிவிடும், பொருளும் ஏறக்குறைய நேரெதிர். ஆகவே கிராஸ் என்றே எழுதுகிறேன், மனதுக்குள் திருத்திச் சொல்லிக்கொள்ளுங்கள்.

வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே கிராஸுஸ் என்றால் தடித்தது, பருத்தது, கெட்டியானது. அந்தப் பழைய பொருள் இன்னும் சில மூலைகளில் அப்படியே இருக்கிறது. பெருங்குடலுக்கு உடற்கூறு நூல்களின் லத்தீன் பெயர் இன்டெஸ்டினம் கிராஸம், அதாவது தடித்த குடல். நர்சரியில் ஜேட் செடி என்று விற்கிறார்களே, சதைப்பற்றான குட்டி இலைகளோடு, அதன் தாவரவியல் பெயர் கிராசுலா. நம் வேலியோரத்து ரணகள்ளியும் அந்தக் குடும்பம்தான், கிராசுலேசி. இலையைக் கிள்ளிப் பார்த்தால் பெயர்க் காரணம் விரலிலேயே தெரியும். இங்கிலீஷுக்குள் 16ஆம் நூற்றாண்டில் வந்தபோதும் கெட்டியான, தடித்த என்றுதான் பொருள். 17ஆம் நூற்றாண்டில் அந்தத் தடிமன் உடம்பிலிருந்து புத்திக்கு ஏறியது.

ரோமாபுரியின் பெரும் பணக்காரன் மார்க்கஸ் கிராஸஸின் பெயரிலிருந்துதான் இந்தச் சொல் வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அவனுடைய குடும்பப் பெயரும் அதே லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அவ்வளவுதான். ஆனால் குழப்பத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வீடு எரிந்துகொண்டிருக்கும்போதே அதையும், பயந்துபோன பக்கத்து வீட்டுக்காரர்களின் வீடுகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போடுவது அவன் வழக்கம் என்று பழைய வரலாற்றுக் குறிப்பு உண்டு. இந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது.

தமிழிலும் தடிப்பு இதே பாதையில் கொஞ்ச தூரம் வந்திருக்கிறது. "வார்த்தை தடித்துவிட்டது" என்கிறோம். "தடிமாடு மாதிரி நிற்கிறான்" என்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குத் தடிப்பு என்றால் திமிர். ஆனால் இவற்றை வைத்துக் கிராஸை மொழிபெயர்த்துவிடாதீர்கள். வார்த்தை தடித்தால் அங்கே சண்டை நடக்கிறது, இரண்டு பக்கமும் கோபம் இருக்கிறது. கிராஸில் கோபமே வேண்டாம். அதற்கு நெருங்கி வருவது வேறொன்று: எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி. சுற்றிலும் கொட்டுகிறது, தோலுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. யார் முன்னால், எந்த நேரத்தில் நிற்கிறோம் என்பது உறைக்காமல் வாயைத் திறப்பது. இந்தச் சொல்லின் பயன்பாடு முழுக்க இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு துக்க வீடு. கூடத்தில் ஐஸ் பெட்டி, தலைமாட்டில் இறந்தவரின் மனைவி. உறவுக்காரர் ஒருவர் வந்தார், மாலை போட்டார், கும்பிட்டார். மோசமான மனிதர் இல்லை. ஷாமியானாவுக்கும் நாற்காலிக்கும் காலையிலேயே முன்பணம் கொடுத்தவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டார்: "ஏங்க்கா, ஃபேமிலி பென்ஷன் எவ்வளவு வரும்? வீடு மாமா பேர்லயா இருக்கு, உங்க பேர்லயா?" அந்த அம்மா பதில் சொல்லவில்லை. கண்ணாடி மேல் படிந்திருந்த நீராவியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். இவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

கெட்ட வார்த்தை இல்லை. குரல் உயரவில்லை. அக்கா என்று மரியாதையாகத்தான் அழைத்தார். கேட்ட விஷயமும் பத்து நாள் கழித்து யாராவது கேட்கத்தான் வேண்டும். இங்கிலீஷ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால் இதை ரூட், அதாவது மரியாதையில்லாத பேச்சு, என்று சொல்லமாட்டார். கிராஸ் என்பார்.

சரி, வாக்கியத்துக்கு வருவோம். இந்தச் சொல் ஆளைவிட ஆள் செய்த காரியத்தின் மேல்தான் சுலபமாக உட்காரும். கிராஸ் ரிமார்க், கிராஸ் ஜோக், கிராஸ் கமென்ட், கிராஸ் க்வெஸ்சன். "தட் வாஸ் எ கிராஸ் க்வெஸ்சன்" என்றால் கேட்டிருக்கக்கூடாத இடத்தில் கேட்ட கேள்வி. "ஹி இஸ் எ கிராஸ் மேன்" என்று ஆளின் மேலேயே வைக்கலாம், இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் அது அவருடைய மொத்தக் குணத்துக்கும் தீர்ப்பு எழுதுவது. ஒரே ஒரு தடவை நடந்ததற்கு அந்தத் தீர்ப்பு ஜாஸ்தி.

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "ஹி வாஸ் ரூட் டு மீ" என்று பழகிய நாக்கு, "ஹி வாஸ் கிராஸ் டு மீ" என்று சொல்லிவிடும். இயல்பாக இருக்காது. ரூட் என்பது ஒருவரை நோக்கி எறிவது, அதனால் 'டு' வருகிறது. கிராஸுக்குக் குறி கிடையாது. செய்தவரிடமே இருக்கும் குறை. அதனால் 'ஆஃப்' வரும்: "இட் வாஸ் கிராஸ் ஆஃப் ஹிம் டு ஆஸ்க் அபவுட் த மணி." பணத்தைப் பற்றி அவர் கேட்டது கிராஸ். இந்த அமைப்பை மட்டும் மனப்பாடம் செய்தாலே பாதிச் சொல் உங்களுடையது.

வினையடையாகக் கிராஸ்லி வரும், பெயர்ச்சொல்லாகக் கிராஸ்னெஸ் வரும். "த ஃபெஸ்டிவல் ஹேஸ் பிகம் கிராஸ்லி கமர்ஷியல்", திருவிழா வெறும் வியாபாரமாகிவிட்டது, என்பது பத்திரிகைத் தலையங்கத்தில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய வாக்கியம். ஒப்பிட்டுச் சொல்லக் கிராஸர், கிராஸஸ்ட் உண்டு. மோர் கிராஸ் என்றாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அக்கம்பக்கத்துச் சொற்களைத் தொட்டுப்பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். இங்கிலீஷில் இந்த வகைச் சொற்கள் பலவும் முதலில் தொடு உணர்ச்சியாகவே இருந்தவை. கோர்ஸ் என்றால் கொரகொரப்பு, சரியாக அரைபடாத ரவை மாதிரி; பேச்சுக்குச் சொன்னால் கரடுமுரடான பாஷை. குரூட் நமக்கு எண்ணெயில் பழக்கம், சுத்திகரிக்காதது. பேச்சில் அது பச்சை பச்சையாகப் பேசுவது, பெரும்பாலும் உடம்பைப் பற்றி. காலஸ் என்பது உள்ளங்கையில் காய்த்துப்போன தோல். எதிராளியின் வலி தெரிந்தும் அசையாதவர். இந்தக் காலஸைக் கிராஸோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. காலஸ் ஆளுக்குத் தெரியும், கவலை இல்லை. கிராஸ் ஆளுக்கு உறைக்கவே இல்லை. வல்கர் லத்தீனில் பொதுமக்கள் கூட்டத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, நம் ஊரில் அதை ஆபாசம் என்ற ஒரே பொருளில் சுருக்கிவிட்டோம். டாக்ட்லெஸ் என்பது கிராஸின் சாதுவான தம்பி: நல்ல மனதோடு, தெரியாத்தனமாக, சொல்லக்கூடாததை உளறிவிடுவது. கல்யாண வீட்டில் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று புதுப்பெண்ணின் நாத்தனாரைக் கேட்கும் பாட்டி டாக்ட்லெஸ். அதே கேள்வியை, கரு கலைந்த அடுத்த மாதம், விஷயம் தெரிந்தும் உறைக்காமல், எல்லோர் முன்னாலும் சிரிப்புக்காகக் கேட்கும் சித்தப்பா கிராஸ். குரோஸ் என்ற ஒன்றும் இருக்கிறது, ஓகார ஒலியோடு. அது பிள்ளைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்லும் உவ்வே. அழுக்கு அறை, ஊசிப்போன சாம்பார் இவற்றுக்கெல்லாம் அதுதான். கிராஸ் ஒருநாளும் அங்கே போகாது.

கெட்ட வார்த்தையே இல்லாமல் எப்படி என்று கேட்டீர்கள். உலகம் கிராஸ் என்று கொட்டித் தீர்த்த சில வரிகளைப் பாருங்கள்.

2001 செப்டம்பர் 11. நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் இரண்டாவது விமானம் மோதி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிரிட்டிஷ் அரசில் போக்குவரத்து, உள்ளாட்சித் துறையின் ஆலோசகராக இருந்த ஜோ மூர் அலுவலகத்துக்குள் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார்: நாம் புதைக்க நினைக்கும் செய்தி எதுவாக இருந்தாலும் வெளியிட இன்று ரொம்ப நல்ல நாள். கவுன்சிலர்களின் படிச் செலவு விவகாரமா என்று ஒரு யோசனை வேறு. அடுத்த மாதம் அது வெளியே கசிந்தது, மன்னிப்புக் கேட்டார், 2002 பிப்ரவரியில் பதவியை விட்டுப் போனார். அந்த மின்னஞ்சலில் யாரையும் திட்டவில்லை. தொழில்ரீதியாகப் பார்த்தால் கணக்கும் சரிதான், அன்றைக்கு வேறு எந்தச் செய்தியும் எடுபட்டிருக்காது. டிவியில் கோபுரம் புகைந்துகொண்டிருக்கும்போது அந்தக் கணக்கு மனதில் ஓடியதே, அதுதான் விஷயம்.

2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கடலில் எண்ணெய் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆன நிலையில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டோனி ஹேவர்ட் கேமரா முன்னால் மன்னிப்புக் கேட்டார், கேட்டுவிட்டு, இது முடியவேண்டும் என்று என்னைவிட யாரும் விரும்பவில்லை, எனக்கு என் வாழ்க்கை திரும்ப வேண்டும் என்றார். ராத்திரி பகலாக அலைந்த மனிதரின் வாயில் வரக்கூடிய வாக்கியம்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் 11 குடும்பங்களுக்கு வாழ்க்கை திரும்ப வராது.

2011 பிப்ரவரியில் கெய்ரோ தெருக்களில் லட்சக்கணக்கில் ஜனம் திரண்டு அரசுக்கு எதிராக நின்றபோது, அமெரிக்க ஆடை நிறுவனத்துக்காரர் கென்னத் கோல், எங்கள் வசந்தகால ஆடைகள் வந்துவிட்ட செய்தி கேட்டுத்தான் இந்த ஆர்ப்பாட்டமாம் என்கிற தோரணையில் ட்விட்டரில் எழுதினார். பிறகு நீக்கினார், மன்னிப்புக் கேட்டார். இதற்கென்றே இங்கிலீஷில் தயாராக ஒரு ஜோடி இருக்கிறது: கிராஸ் கமர்ஷியலிசம். எதைப் பார்த்தாலும் விற்கத் தோன்றும் புத்தி.

இந்த ஜோடியைத் தமிழில் எப்படிச் சொல்வது? இங்கேதான் நான் வாங்கிய உதையைச் சொல்லவேண்டும். ஆரம்ப காலத்தில் கிராஸ் எங்கே வந்தாலும் கீழ்த்தரமான என்று போட்டுக்கொண்டே போவேன். ஒரு கட்டுரையில் நிதியமைச்சர் ஒருவரின் பேச்சைக் கிராஸ் என்று எழுதியிருந்தார்கள்; நான் கீழ்த்தரமான பேச்சு என்று போட்டேன். பத்திரிகை ஆசிரியர் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஏம்ப்பா, அவர் ஆபாசமாவா பேசினார்?" என்று கேட்டார். வேலையில்லாதவர்களின் கூட்டத்தில் தன் தோட்டத்து வீட்டைப் பற்றிப் பேசியிருந்தார் அமைச்சர். அம்மா சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே எழுதினார்: இங்கிதமற்ற. இருபது வருஷம் ஆகியும் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பேச்சு, கேள்வி, ஜோக் என்று மனிதர்களுக்கு நடுவே நடப்பதென்றால் இங்கிதமற்ற, இங்கிதம் தெரியாத, நாசூக்கில்லாத. இதில் ஏதாவது ஒன்று உட்கார்ந்துவிடும்.

ஆனால் கிராஸ் கமர்ஷியலிசத்தை இங்கிதமற்ற வணிகநோக்கு என்று போட்டால் உயிர் இருக்காது. அங்கே தமிழ் கேட்பது அப்பட்டமான என்ற சொல்லை: அப்பட்டமான வியாபாரப் புத்தி. கிராஸ் மெட்டீரியலிசமும் அப்படியே. கிராஸ் இக்னரன்ஸ் இன்னொரு வகை. அதில் சொல்லின் பழைய தடித்த புத்தி அப்படியே நிற்கிறது. அடிப்படைகூடத் தெரியாத மடமை என்று விரித்துத்தான் சொல்ல முடியும்.

இந்தக் கிராஸ் இக்னரன்ஸுக்குத் தனியாக ஒரு சரித்திரம் இருக்கிறது. கத்தோலிக்க அறநெறி நூல்களில் அறியாமையையே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். எவ்வளவு முயன்றாலும் தெரிந்திருக்க வழியில்லாத அறியாமைக்குக் குற்றம் கிடையாது. தெரிந்துகொண்டிருக்க வேண்டியவன், கொஞ்சம் முயன்றாலே தெரிந்திருக்கும், அந்தக் கொஞ்சத்தையும் செய்யவில்லை என்றால் அது இக்னோரான்சியா கிராஸா, தடித்த அறியாமை. அதற்குக் குற்றம் உண்டு. இன்றைய பேச்சு வழக்கிலும் கிராஸ் என்ற சொல்லுக்குள் இந்தத் தொனி மிச்சம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உறைக்கவில்லை என்பது சமாதானம் ஆகாது, உறைத்திருக்க வேண்டும் என்பதுதான் புகார்.

பணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரயிலில் எதிர் சீட்டுக்காரர் தட்டை முறுக்கை நீட்டியபடியே "தம்பிக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பார். நாமும் கொஞ்சம் குறைத்தோ கூட்டியோ சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக்கொள்வோம். இது நம் ஊரில் கிராஸ் ஆகாது. அறிமுகத்தின் ஒரு பகுதி. இதையே இங்கிலாந்தில் ஒரு விருந்தில் கேட்டால் கேட்டவருக்குப் பின்னால் இந்தச் சொல் நிச்சயம் உலவும். அங்கே பணத்தை வெளிப்படையாகப் பேசுவதே கூச்சம். அதனால்தான் பணப் பேச்சை எடுக்கும் முன் ஒரு குல்லாய் போட்டுக்கொள்வார்கள்: "ஐ டோன்ட் வான்ட் டு சவுண்ட் கிராஸ், பட் ஹூ இஸ் பேயிங் ஃபார் திஸ்?" நம்முடைய "தப்பா நினைச்சுக்காதீங்க, இதுக்குக் காசு யாரு கொடுக்கிறது?" என்பதற்குச் சரிசமம். வெளிநாட்டுக்காரர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் ரொம்ப உபயோகப்படும்.

இன்னொன்று, ஜெர்மனியில் வளர்ந்த நம் பிள்ளைகள் யாராவது உங்கள் புது பைக்கைப் பார்த்து "க்ராஸ்!" என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். அதே லத்தீன் வேர்தான், ஆனால் ஜெர்மன் இளவட்டங்களிடம் அது நம்முடைய "செம" ஆகிவிட்டது.

இனி உங்கள் மேனேஜர். "எ பிட்" என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கொஞ்சம்தானே என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். பிரிட்டிஷ்காரர் கையில் அது அளவைக் குறைக்கிற சொல் மாதிரி தெரியும், உண்மையில் சத்தத்தைத்தான் குறைக்கிறது. தனியாக அனுப்பியதும், ரூட் என்று எழுதாததும் கவனிக்கத்தக்கவை. உங்கள் மேல் கெட்ட எண்ணம் சுமத்தவில்லை. அந்த குரூப்பில் வேலை போனவர்களின் நண்பர்கள் இருந்தார்கள், ஒருவேளை வேலை போனவர்களே அன்று மாலை வரை இருந்திருப்பார்கள். அவர்கள் காலி செய்த பார்க்கிங் இடத்தைத்தான் நீங்கள் எண்ணிக் காட்டினீர்கள்.

பதிலில் "ஐ டிடின்ட் மீன் இட் தட் வே" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் உள்நோக்கம் பற்றி அவர் கேட்கவே இல்லை. மேலே சொன்ன அந்த 'ஆஃப்' அமைப்பையே எடுத்துக்கொண்டு, "தட் வாஸ் கிராஸ் ஆஃப் மீ. ஐ ஆம் சாரி" என்று எழுதுங்கள், ஸ்மைலி வேண்டாம். அப்புறம் குரூப்பிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.